தறியும் ஆலையும் சங்கமும்



இராயபுரத்தினின்றும் வடக்கு நோக்கித் திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியே செல்வோர், தண்டையார்ப்பேட்டையைத் தாண்டிச் சுங்கச்சாவடியையும் கடந்தபின், காலடிப்பேட்டை என்னும் ஊரைக் காண்பர். இந்நாளில் மெட்ரோ இரயில் நிலையம் ஒன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. பெயரைக் கேட்பவர், யாரோ ஒரு பெரியாரின் திருவடி பதிந்த இடம் போலும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை வேறு. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலட் என்னும் ஆங்கிலேயர். அவர் காலத்தில் குடியேற்றப்பட்ட ஊர் காலட்பேட்டை எனப்பட்டது. நம் மக்களின் நாவில் புரண்டு புரண்டு அது காலடிப்பேட்டை ஆயிற்று. அயலான் பெயரை வெளியே தள்ளாமல், அதற்கு ஒரு தமிழ்ப் பொருளையும் தந்து வைத்துக்கொண்ட நம்மவர் திறத்தை என்னென்பது!

காலட் இவ்வூரை யாருக்காக அமைத்தார்? நெசவாளருக்காகவும், துணியில் வண்ணச் சித்திரம் தீட்டுவோருக்காகவும் அமைத்தார். நூறு வீடுகளுக்குச் சற்று மேல், சில கடைகள், ஒரு கோவில், இவ்வளவே அன்றைய பேட்டை. அந்நாளில் கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னைக் கடற்கரையில் குடியிருந்ததன் காரணமே துணிதான். தமிழ்நாட்டுத் தறியில் நெய்த துணியைக் கப்பலேற்றினால் ஐரோப்பாவில் பொன்னாக மாறும். ஆதலின் தறிகாரரைக் கோட்டைக்கு அருகில் குடியமர்த்துவதில் ஆளுநர்களுக்கு ஓயாத ஆர்வம் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து, 1734-இல், சிந்தாதிரிப்பேட்டையும் இதே நோக்கத்துடன்தான் எழுந்தது. வண்ணாரப்பேட்டை என்ற பெயரும், துணியை வெளுத்தவர்கள் வாழ்ந்த இடம் என்பதை இன்றும் நமக்கு நினைவூட்டுகின்றது. வடசென்னையின் பல பேட்டைகளைத் துணி பெற்ற பிள்ளைகள் என்று கூறினும் பொருந்தும்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சென்னைத் துணியாலைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாறு. அதற்குக் காலடிப்பேட்டை எதற்கு என்று மாணவர் சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. பழைய தறிகாரனிடம் இருந்து, பின்னர் ஆலைத் தொழிலாளியிடம் இல்லாமற்போன ஒன்றைக் காட்டவேண்டும். அதனைக் கண்டாலன்றிச் சங்கம் ஏன் பிறந்தது என்பது விளங்காது.

கும்பினியார் நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பர். நெசவாளர் அப்பணத்தைக்கொண்டு நூல் வாங்கி, குறித்த அளவில் துணி நெய்து தருவர். மேற்பார்வைக்குப் பார்த்தால் இது அடிமைத்தனம் போலத் தோன்றும். ஆனால் தென்னாட்டு நெசவாளரிடையே பழைய வழக்கம் ஒன்று இருந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், ஒப்பந்தம் அறுந்தது; துணியை வேறு வணிகனுக்கு விற்கலாம். கொடுமை மிகுந்தால், ஓரூர்த் தறிகாரர் அனைவரும் கூடிப் பேசி, தறியைக் கழற்றிக்கொண்டு வேறோர் ஊருக்குப் போய்விடுவர். கைத்தறி என்பது சில மரச்சட்டங்களும் கயிறுகளும்தானே! தொழிற்கருவி அவனுடையது, தொழில் அவன் கையிலே, கால் நடந்தால் ஊர் மாறும். கும்பினியின் ஆட்சி வலுவடைய வலுவடைய இவ்வுரிமையைச் சட்டத்தால் நெருக்கினர் என்பதும், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெசவாளர் பல இடங்களிற் கிளர்ந்தெழுந்தனர் என்பதும் வரலாறு.

அதன்பின் இங்கிலாந்தின் இலங்காஷயர் ஆலைத்துணி வந்திறங்கியது. துணியை ஏற்றிச் சென்ற துறைமுகமே துணியை இறக்கும் துறைமுகமாயிற்று. இக்கதையை நீவிர் பாடநூலிற் படித்திருப்பீர், விரிக்கவேண்டுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் சென்னையிலேயே ஆலைகள் எழுந்தன. பின்னிக் கும்பினியார் 1876-இல் பக்கிங்காம் ஆலைக்கும், சில ஆண்டுகளில் கர்நாடிக் ஆலைக்கும் கால்கொண்டனர். பெரம்பூரை ஒட்டி, புளியந்தோப்புக்கும் ஓட்டேரிக்கும் அருகே, அவை பரந்து நின்றன. 1920-இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. சூளையில் வேறோர் ஆலையும் இருந்தது. பின்னி ஆலைகளின் காக்கித் துணி பேர்பெற்றது. படைவீரர் பலர் அதனை உடுத்தனர். செங்கற்பட்டு, வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து நிலமற்றோரும், தறியிழந்தோரும், பஞ்சத்தில் அடிபட்டோரும் ஆலைக்கு வந்து சேர்ந்தனர். சாதி இந்துக்கள் வந்தனர், ஆதிதிராவிடர் வந்தனர், முஸ்லிம்கள் வந்தனர், கிறித்தவர் வந்தனர். ஆலைச் சங்கு ஊதினால் எல்லாரும் ஒரே வாயிலில் நுழைந்தனர். மாலையில் சங்கு ஊதினால் வெவ்வேறு சேரிக்கும் தெருவுக்கும் பிரிந்து சென்றனர். இப்பிரிவை மனத்திற் கொள்ளுங்கள். பின்னர் இதனைப்பற்றிப் பேசவேண்டியிருக்கின்றது.

ஆலைத் தறியை எவரும் தூக்கிக்கொண்டு போகமுடியாது. அது இரும்பு, முதலாளியுடையது, நீராவியால் ஓடுவது. தொழிலாளியிடம் எஞ்சியது இரண்டு கைகள் மட்டுமே. அக்கைகளையும் கட்டுவதற்குச் சட்டம் ஒன்றிருந்தது. 1859-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம் என்பது அதன் பெயர். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையைச் செய்யத் தவறினால், முதலாளி அவனை நடுவர் முன் நிறுத்தலாம். கட்டளைக்குப் பணியாவிடில் சிறைக்கும் அனுப்பலாம். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று தலைநகரங்களிலும்தான் அச்சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்தது. முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் அவருக்குச் சிறை உண்டோ? இல்லை! 1925-இல் இச்சட்டம் நீக்கப்படும் வரை, கடன் என்பதைக் குற்றமாக்கிய இந்த அநீதி நம் நாட்டில் நின்று நிலவியது.

இனி 1918-ஆம் ஆண்டுக்கு வருவோம். முதல் உலகப்போர் முடியவில்லை. அரிசி விலையும் துணி விலையும் ஏறிக்கொண்டிருந்தன. ஆலையில் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்கு முடியும். 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வயதுவந்த ஆடவருக்குப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒப்புக்கொண்டிருந்தது. நண்பகலில் உணவுக்கு அரைமணி நேரம். ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் இயந்திரத்தை விட்டு வெளிவந்து, பஞ்சுத்தூசி படிந்த கையையும் முகத்தையும் கழுவி, சோற்று மூட்டையை அவிழ்த்து உண்டு, மீண்டும் தத்தம் இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். ஒரு நிமிடம் தாழ்த்தால் மேஸ்திரியின் வசவு. சிலவேளை மேற்பார்வை செய்த வெள்ளையரின் அடி.

ஆலைக்கு அண்மையில் வணிகம் செய்துவந்த இருவர் இவற்றை நாள்தோறும் கண்டும் கேட்டும் வந்தனர். ஒருவர் செல்வபதி செட்டியார். மற்றவர் இராமாநுஜலு நாயுடு. இவ்விருவரும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் ஒரு பக்திச் சபையை நடத்திவந்தனர். அச்சபையிற் பேசுவோர் சமயம் பேசுவர். கேட்போரிற் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர். தென்னாட்டின் தொழிற்சங்கத்துக்கு வித்து விழுந்த இடம் ஒரு பசனை மடம் போன்ற இடம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு அது வியப்பாக இல்லை. உழைத்துக் களைத்தவர்கள் மானத்தோடு கூடி அமர்வதற்கு அந்நாளில் வேறிடம் ஏது? 1918 மார்ச்சுத் திங்களில் இச்சபையின் சார்பில் நடந்த கூட்டத்தில் திரு.வி. கலியாணசுந்தரனார் பேசினார். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த வேலையைத் துறந்து, 1917 டிசம்பரில் தொடங்கிய 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியராக அமர்ந்திருந்த காலம் அது. மேனாட்டுத் தொழிலாளர் எவ்வாறு சங்கம் கண்டனர் என்பதை அவர் எடுத்துரைத்தார்.

பேச்சுடன் நில்லாமல், செல்வபதியாரும் இராமாநுஜலுவும் அன்னி பெசண்டு அம்மையாரின் 'நியூ இந்தியா' இதழ் அலுவலகத்தை நாடிச் சென்றனர். ஆங்கே அவர்கள் கண்டது பி.பி. வாடியாவை. வாடியா பம்பாய்ப் பார்சி வகுப்பினர். பிரமஞான சபையைச் சார்ந்தவர். 1917-இல் பெசண்டு அம்மையாருடன் காவலில் வைக்கப்பட்டவர். தமிழ் அறியாதவர். ஆலையுள் நுழைந்து வேலை செய்தவரும் அல்லர். எனினும் கேட்ட செய்தி அவரை ஆலைவாயிலுக்கு இழுத்தது. ஏப்பிரல் 13-ஆம் நாள் தொழிலாளர் கூட்டத்தில் முதன்முறையாகப் பேசினார். அவர் ஆங்கிலத்திற் பேசுவதைத் தமிழிற் பெயர்த்துரைப்பர்; மக்கள் மரத்தடியிலும் தரையிலும் அமர்ந்து கேட்பர். ஏப்பிரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், திரு.வி.க.வும் திவான்பகதூர் கேசவப்பிள்ளையும் துணைத்தலைவர். செல்வபதியாரும் இராமாநுஜலுவும் செயலாளர்.

இந்தியாவின் முதற் சங்கம் இதுவே என்று பலர் எழுதுவர். இச்சொல்லைச் சிறிது அளந்து கூறவேண்டும். பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பார் 1880-களிலும் 1890-இலும் ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார். நம் நாட்டிலேயே 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர், வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க, வேலைநிறுத்தம் செய்து வெற்றியும் கண்டனர். ஆனால் வேலைநிறுத்தம் வேறு, சங்கம் வேறு. வேலைநிறுத்தம் என்பது ஒரு நாளின் சினம். சங்கம் என்பதோ பெயர்ப் பதிவேடும், திங்கள் சந்தாவும், கணக்கும், தேர்ந்தெடுத்த பொறுப்பாளரும் கொண்டு, சினம் தணிந்த நாளிலும் நிற்பது. அவ்வகையில் ஒழுங்குற அமைந்த தொழிற்சங்கங்களுள் சென்னைச் சங்கம் முதல்வரிசையில் வைத்து எண்ணப்படுவது முறையே. அகமதாபாத்துத் துணியாலைத் தொழிலாளர் சங்கமும், அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசும் 1920-இல்தான் தோன்றின.

சங்கத்தின் முதல் வேண்டுகோள் யாது? நண்பகல் இடைவேளையை முப்பது நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடமாக்க வேண்டும் என்பது. பத்து நிமிடம்! மாணவ நண்பர்களே, இதனைக் கேட்டு நகைத்தல் வேண்டா. கஞ்சியை விழுங்குவதற்கும் சோற்றை உண்பதற்கும் உள்ள வேற்றுமை அந்தப் பத்து நிமிடம். ஆலை நிருவாகம் இறுதியில் அதனைத் தந்தது. தொகையளவில் இது சிறிது. தனித்தனியே பல்லாண்டு முணுமுணுத்துப் பெறாத ஒன்றை, சேர்ந்து ஒரு குரலிற் கேட்டுப் பெற்றதுதான் பெரிது.

அவ்வாண்டு இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்யத் துடித்தபோது வாடியா அவர்களைத் தடுத்தார். முதலாளியின் பைக்கு இழப்பு வருமாயின் அவர் கவலைப்படார். ஆனால் இவ்வாலைத் துணி போர்முனையில் நிற்கும் வீரருக்குச் செல்கின்றது. வேலை நின்றால் அவர்கள் இன்னலுறுவர் என்பது அவர் வாதம். அயலாட்சியை எதிர்த்துக் காவலில் இருந்து மீண்டவர் இவ்வாறு பேசியது இன்று சிலருக்கு முரணாகத் தோன்றும். தம் சங்கம் பொறுப்பற்ற கும்பல் அன்று என்பதை நாட்டுக்குக் காட்ட அவர் விரும்பினார் என்று நான் கருதுகின்றேன். நிருவாகமோ அப்பொறுமையை மதிக்கவில்லை. அவ்வாண்டிலேயே ஆலைக் கதவுகளை அடைத்துத் தொழிலாளரைப் பட்டினி போட்டது.

சங்கத் தீ பெரம்பூரோடு நில்லாது பரவியது. டிராம் வண்டித் தொழிலாளர், பெரம்பூர் இரயில்வே பணிமனைத் தொழிலாளர், அச்சகத் தொழிலாளர், மண்ணெண்ணெய்க் கிடங்குத் தொழிலாளர் எனப் பலர் சங்கம் கண்டனர். துறைமுகத்தையும் இருப்புப்பாதையையும் நம்பி வாழ்ந்த வடசென்னை முழுதும் சங்கம் என்ற சொல் வீட்டுச்சொல் ஆயிற்று. 1919-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் கூடிய முதல் உலகத் தொழிலாளர் மாநாட்டுக்கு வாடியாவும் சென்றுவந்தார்.

1920-ஆம் ஆண்டின் இறுதியிலே பெரும்புயல் எழுந்தது. பக்கிங்காம் ஆலையில் பதவி உயர்வு குறித்து எழுந்த ஒரு பூசல் முற்றி, அக்டோபரில் ஆலை அடைபட்டது. டிசம்பரில் ஆலை வேலைக்கு வந்தோரைச் சுமந்த வண்டிகளைக் கூட்டம் மறித்தபோது, போலீசார் சுட்டனர். பாபுராவ், முருகன் என்ற இரு தொழிலாளர் உயிர்நீத்தனர். உரிமை கேட்ட சென்னைத் தொழிலாளர் வரலாற்றில் முதலில் விழுந்த குருதி அது.

துப்பாக்கியைவிடக் கூர்மையான ஒரு படைக்கலத்தையும் நிருவாகம் எடுத்தது, அது வழக்கு. வாடியாவும் அவருடைய தோழரும் தொழிலாளரைத் தூண்டி வேலை ஒப்பந்தத்தை மீறச் செய்தனர். அதனால் விளைந்த இழப்பை அவர்கள் ஈடுசெய்ய வேண்டும் என்று உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றமும் அவர்கள் அவ்வாறு பேசலாகாது என்று இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. சட்டம் பயிலும் மாணவர் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். இங்கிலாந்தில் 1901-இல் டாஃப் வேல் இரயில்வே வழக்கில், வேலைநிறுத்த இழப்புக்குச் சங்கமே ஈடுதரவேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. அதனால் கொதித்தெழுந்த தொழிலாளர் 1906-இல் பாராளுமன்றத்தில் ஒரு சட்டத்தை நிறைவேற்றச் செய்து, அத்தகைய வழக்குகளிலிருந்து தம் சங்கங்களுக்குக் காப்புத் தேடிக்கொண்டனர். ஆகவே ஆங்கிலத் தொழிலாளி இலங்காஷயரில் குற்றமின்றிச் செய்யத்தக்க ஒன்றை, அதே ஆங்கிலேயரின் ஆட்சியில், அதே ஆங்கிலேயரின் ஆலைமுன், சென்னைத் தொழிலாளி செய்தால் அது சட்டப்பிழை! ஒரு குடைக்கீழ் இரு நீதி.

1921 சனவரியில் உடன்பாடு ஏற்பட்டது. வழக்கு கைவிடப்பட்டது; ஆனால் வாடியா சங்கத்தைவிட்டு விலகவேண்டும் என்பது விலை. அவர் விலகினார். தொழிலாளர் பொருட்டுத் தாம் ஒதுங்கியது பெருந்தன்மை என்பர் சிலர்; தலைவரையே விலையாகக் கேட்ட நிருவாகத்துக்கு இணங்கியது தவறு என்பர் சிலர். பசித்த வயிறுகளைப் பக்கத்தில் நின்று கண்ட ஒருவருக்கு இதனை எளிதில் தீர்ப்பளிக்க இயலாது. வழக்கின் விளைவு மட்டும் நாடெங்கும் எதிரொலித்தது. 1921 மார்ச்சு முதல் நாளன்று என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில், தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் காக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்தாண்டு கழித்து, 1926-இல், இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. எழுவர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்யலாம். பதிவு செய்த சங்கத்தின்மீது, தொழில்தகராற்றில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற காரணங்காட்டி வழக்காடுதல் செல்லாது என்று அச்சட்டம் வகுத்தது. நாடு முழுமைக்கும் வந்த அச்சட்டத்துக்குக் காரணமானவற்றுள் முதன்மையானது பெரம்பூரில் நடந்த இப்பூசல்.

இனிச் சொல்லப்போவது கசப்பான பகுதி. சங்க வரலாறு கூறுவோர் பலர் இதனை இரண்டு வரியிற் கடந்துவிடுவர். நான் அவ்வாறு செய்ய விரும்பவில்லை.

1921 மே 20-ஆம் நாள் கர்நாடிக் ஆலையில் வேலை நின்றது. சூன் 20-இல் பக்கிங்காம் ஆலைத் தொழிலாளரும் அவர்களுக்குத் துணையாக வெளியேறினர். ஆதிதிராவிடத் தொழிலாளருட் பெரும்பகுதியினர் இம்முறை வேலைநிறுத்தத்தில் நிற்கவில்லை, வேலைக்குச் சென்றனர். மாலையில் சங்கு ஊதியபின் வெவ்வேறு சேரிக்கும் தெருவுக்கும் பிரிந்து சென்றோரைப்பற்றி முன்னே கூறினேன் அல்லவா? அப்பிரிவு இப்போது பிளவாயிற்று. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. இருசாராரும் அடித்துக்கொண்டனர். வீடிழந்த ஆதிதிராவிடர் பலரை அரசினர் வேறிடத்தில் தங்கவைக்க நேர்ந்தது. ஆகஸ்டு 29-இல் போலீசார் சுட்டதில் ஆறு பேர் மாண்டனர். திங்கள் பல பட்டினி கிடந்தபின், அக்டோபரில், வேண்டியது ஒன்றும் கைகூடாமல் தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர்.

ஆதிதிராவிடர் காட்டிக்கொடுத்தனர் என்று அக்காலத்திற் பலர் தூற்றினர். அத்தூற்றல் நேர்மையன்று. முந்திய போராட்டங்களில் அவர்களும் பட்டினி கிடந்தவர்களே. ஊரில் சிறு நிலமோ உறவினரோ உடையவன் ஒரு திங்கள் தாங்குவான். கடைக்காரன் அவனுக்குக் கடன் தருவான். எந்தத் துணையுமற்ற சேரிக்காரனுக்கு யார் கடன் தருவார்? சங்கக் கூட்டத்தில் தோழர் என்று அழைத்தவர், தெருவில் அவனைத் தீண்டாதவர் என்று ஒதுக்கினார். அவர்தம் தலைவரான எம்.சி. இராஜா, வேலைநிறுத்தத்தால் தம் மக்களுக்கு வருவது இழப்பே என்று கண்டு, வேலைக்குச் செல்வோர் பக்கம் நின்று பேசினார். அவர் பேச்சைச் சங்கத் தலைவர்கள் மறுத்தார்கள். ஆனால் அப்பேச்சுக்கு இடங்கொடுத்த நிலையை மாற்ற அவர்கள் முன்பே என்ன செய்திருந்தார்கள்? நிருவாகமும் அரசும் இப்பிளவைப் பயன்படுத்திக்கொண்டன என்பது உண்மை. பிளவை அவை படைக்கவில்லை என்பதும் உண்மை. அது ஆலைக்கு வருமுன்பே நம் ஊர்களில் இருந்தது; தொழிலாளியின் மூட்டையோடு ஆலைக்குள் வந்தது.

ஆட்சியிலிருந்த நீதிக்கட்சியும் இப்பூசலில் இருவேறாய்ப் பிரிந்தது. சர் பி. தியாகராயச் செட்டியார் அரசினரின் போக்கைக் கண்டித்தார்; டாக்டர் சி. நடேச முதலியார் தொழிலாளர் சார்பில் முன்னின்று உழைத்தார். ஆளுநர் வில்லிங்டன் பிரபு திரு.வி.க.வை அழைத்து, நாடுகடத்த நேரும் என்று எச்சரித்தார். அக்கடத்தல் நடைபெறாமல் நின்றதற்குத் தியாகராயரின் தலையீடு காரணம் என்பர். அரசியலில் எதிரணியில் நின்று ஒருவரையொருவர் தாக்கி எழுதிய இருவர் அவர்கள் என்பதைக் கருதினால், அந்நாளைய பொதுவாழ்வின் ஒரு நல்ல முகம் தெரியும்.

தோல்வியுற்ற சங்கம் மாளவில்லை, மெலிந்தது. நிருவாகம் 1922-இல் தானே ஒரு பணிக்குழுவை அமைத்து, தொழிலாளரின் குறைகளை அங்கே கூறுக என்றது. பள்ளி, மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றில் பின்னி ஆலைகள் பிற ஆலைகளுக்கு எடுத்துக்காட்டாக விளங்கின என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. ஆனால் தந்தை பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் கொடுப்பது ஒன்று. கேட்டு, கணக்குப் பார்த்து, உரிமையாய்ப் பெறுவது மற்றொன்று. இவற்றுள் எது வேண்டும் என்பதே சங்கத்துக்கும் ஆலைக்கும் இடையே நிகழ்ந்த நீண்ட வழக்கின் உட்பொருள். இதற்கிடையே 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினத்தைக் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் மே தினம் என்பர். மீனவர் குலத்திற் பிறந்த அப்பெரியார் 1921-ஆம் ஆண்டுப் போராட்டத்திலும் தொழிலாளர் பக்கம் நின்றவர்.

வேலை நேரமும் மெல்லமெல்லக் குறைந்தது. 1922-இல் சட்டம் வாரத்துக்கு அறுபது மணி என்றது, 1934-இல் ஐம்பத்துநான்கு, 1946-இல் நாற்பத்தெட்டு. தட்டச்சுச் செய்த ஒரு தாளில் இவ்வெண்கள் மூன்று சிறு வரிகள். சங்கு ஊதுமுன் இருளில் எழுந்து, சங்கு ஊதியபின் இருளில் வீடு திரும்பிய ஒருவனுக்கு, தன் பிள்ளையின் முகத்தைப் பகலொளியிற் காண்பதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன என்பது அவற்றின் பொருள்.

1946-இல் சங்கத் தலைமைக்கு வந்தவர் எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை. இவர் யாழ்ப்பாணத்தவர்; இலங்கையில் இடதுசாரி அரசியலிற் பயின்று இந்தியா வந்தவர். முதல் தலைவர் பம்பாய்ப் பார்சி, இவர் ஈழத்தமிழர். பெரம்பூர்த் தொழிலாளி தன் தலைவனிடம் ஊரும் பெயரும் கேட்டதில்லை போலும்! 1947 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ நூறு நாள் நீண்டது. அப்போது மாகாணத்தில் நடந்தது அயலார் ஆட்சியன்று, காங்கிரசு அமைச்சரவை. அதுவும் தலைவர்களைச் சிறைப்படுத்திற்று. அறுபது வயதைக் கடந்து, கண்ணொளி குன்றியிருந்த திரு.வி.க.வை அவர் இல்லத்திலேயே காவலில் வைத்தது. நாடு விடுதலை பெறுதற்குச் சில வாரங்களே இருந்தன. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் வெள்ளை ஆளுநர் எச்சரித்த அதே மனிதரை, அவர் தம் வாழ்நாளெல்லாம் உழைத்து உருவாக்கிய கட்சியின் ஆட்சி காவலில் வைத்தது என்பதை வரலாறு மறக்கவில்லை. அந்தோணிப் பிள்ளையைப் பின்னர் வடசென்னை மக்கள் 1952-இல் சட்டமன்றத்துக்கும் 1957-இல் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தனுப்பினர்.

அதன்பிறகு நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். கைத்தறியை ஆலைத்தறி வென்றதுபோல், ஆலைத்தறியை விசைத்தறியும் செயற்கை இழையும் நெருக்கின. பழைய இயந்திரங்களைப் புதுப்பிக்கப் பணமில்லை, பணமிருந்தோர்க்கு மனமில்லை. மூடுவதும் திறப்பதுமாகத் தள்ளாடிய பின்னி ஆலைகள் 1996-இல் அடியோடு மூடப்பட்டன. ஒரு காலத்திற் பதினாலாயிரம் பேருக்குச் சோறிட்ட வளாகம் அது. இன்று அந்நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன. ஆலை மறைந்தபின்னும் அவ்வட்டாரம் சட்டமன்றத் தொகுதியளவில் திரு.வி.க. நகர் என்றே வழங்குகின்றது. நிருவாகத் தலைவர் எவர் பெயரும் அங்கே மக்கள் நாவில் இல்லை. செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகியோரின் பெயரும் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம் தருவது. இருவருள் எவரும் பேச்சாளர் அல்லர், எழுத்தாளர் அல்லர். கடையை மூடிவிட்டு இதழ் அலுவலகத்தின் படியேறிய அந்த ஒரு நாள் அவர்களுடையது.

இவ்வரலாற்றை மேலும் அறிய விரும்பும் கல்லூரி மாணவர்க்கு இரண்டு நூல்களைச் சொல்வேன். வாடியாவின் சொற்பொழிவுகளும் குறிப்புகளும் 1921-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. ஆலைவாயிலின் வெப்பம் ஆறுமுன் அச்சேறியது அது. திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புக்கள்' 1944-இல் வந்தது. ஏறத்தாழ இருபத்தைந்தாண்டு கழிந்தபின் அமைதியாய் அமர்ந்து எழுதியது. ஒரே நிகழ்ச்சியை இரண்டும் எவ்வாறு காண்கின்றன என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். பார்த்த பின்னர், ஒரு விடுமுறை நாளில் புளியந்தோப்பிலிருந்து ஓட்டேரி வரை நடந்து, அவ்வீதிகளிலுள்ள முதியவர்களிடம் ஆலைச் சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்று கேளுங்கள். அவர்கள் கடிகாரத்தைப் பாராமலே விடை சொல்வார்கள்.